வெளியீட்டுக்குக் காத்திருப்பவை

காலையில் ஐந்தரைக்கு எழுவேன். மோட்டார் போடுவேன். மேல்தொட்டி நிறைவதற்குள் கட்டன் சாயா போட்டுக் குடித்துவிடலாம். வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தோட்டம். பால் வெட்டுகிறவர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் போய்க்கொண்டிருப்பார். தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டதும் மோட்டாரை அணைப்பேன். கம்ப்யூட்டரைப் போடுவேன். ஏழு மணிக்குக் கரண்ட் போய்விடும். அதற்குள் வேலை முடிய வேண்டும்.

வேலை சிறியதுதான். எங்கள் சபையின் வெப்சைட்டுக்குள் பிரிஜா என்ற பெயரில் நுழைவேன். பாஸ்வேர்டைக் கம்ப்யூட்டரே நினைவில் வைத்திருந்தது. சபை அலுவலகத்தில் இருக்கும் சத்தியபாய் அக்கா முந்தைய நாள் அடித்துப் போட்ட அறிவிப்புகள் ‘வெளியீட்டுக்குக் காத்திருப்பவை’ என்ற தலைப்பின் கீழே நிற்கும். ஆராதனை நேரம், பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம், யார் வீட்டிலாவது ஜெபக்கூட்டம். ஒவ்வொன்றாக வாசித்து, பட்டனை அழுத்தி வெளியே விடுவேன். ஒன்றை மட்டும் தாண்டிப் போவேன். அது நவம்பரிலிருந்து எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. ‘மரண அறிவிப்பு: திருமதி பிரிஜா ஜெனோ.’

ஜெனோ நான். பிரிஜா என் மனைவி. அவள் இறந்த அன்று மாலையே சத்தியபாய் அக்கா அதை அடித்துப் போட்டிருந்தார். அந்த சைட்டில் எதையும் வெளியிடும் அதிகாரம் ஒரே ஆளுக்குத்தான் இருந்தது. பிரிஜாவுக்கு. ஆகவே அந்த அறிவிப்பும் அவளுடைய அனுமதிக்காகக் காத்திருந்தது. நான் முதன்முதலாக உள்ளே நுழைந்து பார்த்தது ஜனவரியில். அப்போதும் காத்துக்கொண்டிருந்தது.

பிறகு கம்ப்யூட்டரை அணைப்பேன். குளிப்பேன். முக்கில் இருக்கும் கடையில் அப்பம் தின்பேன். கல்லூரிப் பேருந்து வரும். குலசேகரம் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணிதம் எடுக்கிறேன்.

பிரிஜா வீட்டில் இருந்தபடியே வெப்சைட் செய்து கொடுத்தாள். ரப்பர் நர்சரி, கல்யாண மண்டபம், நர்சிங் பள்ளி. எங்கள் சபைக்குச் செய்தது 2006இல். சபையில் பாதி வீடுகளில் ஒருவராவது வளைகுடாவில் இருக்கிறார். ஊரில் யார் இறந்தார், யாருக்குக் கல்யாணம், சபையார் கூடிச் சாப்பிடும் அசனம் என்றைக்கு என்று அவர்கள் போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்காகத்தான் சைட்.

எல்லா நிரலையும் தானே எழுதாமல், பக்கங்களையும் படங்களையும் உள்ளே போட்டு நிர்வகிக்க உதவும் மென்பொருள்கள் அப்போது சில வந்திருந்தன. எல்லாம் ஓப்பன் சோர்ஸ். யாரும் விலையில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றிக்கொள்ளலாம். பிரிஜா பல நாள் பார்த்துவிட்டு ஜூம்லாவை எடுத்தாள். ஏன் என்று கேட்டேன்.

“ஒருத்தரு எழுதணும், ஒருத்தரு திருத்தணும், ஒருத்தரு வெளியிடணும். அவ்வளவும் இதுல உண்டு. நம்ம சபைய யாரோ பாத்து செஞ்சு வச்சது மாதிரில்லா இருக்கு” என்றாள்.

மெனுக்களை எல்லாம் அவளே தமிழில் போட்டாள். சத்தியபாய் அக்கா எழுதுவது, சபைச் செயலாளர் திருத்துவது, போதகர் வெளியிடுவது என்று ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்போம். ஐயருக்கு வாராவாரம் பாஸ்வேர்டு மறந்தது. செயலாளர் திருத்த ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அசனத்துக்கான அறிவிப்பு, ஒரு வருடம் இலையெல்லாம் எடுத்த பிறகு சைட்டில் வந்தது. பிரிஜா இரண்டு பேர் அதிகாரத்தையும் தன்னிடம் எடுத்துக்கொண்டாள். செயலாளர் அவளுடைய அப்பா, என் மாமா. பெயர் ஜெபதாஸ், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவர் கையிலிருந்து சிவப்புப் பேனாவைப் பிடுங்க அவளால் மட்டும்தான் முடிந்தது.

2009 ஏப்ரலில் ஒரு மெயில் வந்தது. சைட்டுக்கு இடம் கொடுத்திருந்த நிறுவனம் அனுப்பியது. நீங்கள் வைத்திருக்கும் ஜூம்லா பழைய பதிப்பு. ஜூலைக்குப் பிறகு அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. அதற்குள் மாற்றாவிட்டால் சைட்டை நிறுத்திவிடுவோம் என்று இருந்தது. மெயில் ‘அன்புள்ள பிரிஜா’ என்று தொடங்கியது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டியில் அதைச் சொன்னேன். ஏதாவது ஒன்றுக்கு மாறியே ஆக வேண்டும் என்றேன்.

மாமா எழுந்தார்.

“மாத்தாண்டாம்” என்றார். “எம்மவ கடைசியா சொன்னது அதாக்கும். ‘அந்த சைட்ட மாத்தாண்டாம்ப்பா’ன்னு. இஞ்ச இருக்க எல்லாருக்கும் தெரியும்.”

எல்லோருக்கும் தெரியும் என்பது உண்மைதான். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், துக்கம் கேட்க வருகிறவர்கள் முதலில் கேட்பது கடைசியாக என்ன சொன்னார் என்பதைத்தான். அதற்கு ஒரு பதில் இருக்க வேண்டும். அடக்க ஆராதனையில் வாசிக்கும் வாழ்க்கைக் குறிப்பின் கடைசி வரி அது. பிரிஜாவின் வாழ்க்கைக் குறிப்பை மாமாதான் எழுதினார். ‘மரணப் படுக்கையிலும் சபையின் இணையதளத்தைக் குறித்தே கரிசனையாயிருந்தார்’ என்று முடித்திருந்தார். ஐயர் அந்த வரியை வைத்துப் பிரசங்கம் செய்தார்.

அவள் அப்படிச் சொன்னாள். பொய் இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று மாமா போன் செய்தார். காய்ச்சல் எப்படி என்று கேட்டுவிட்டு, சைட்டின் மேற்பகுதியில் வேத வசனம் வலமிருந்து இடமாக ஓடுகிற மாதிரி போடலாமா என்று கேட்டார். அதற்குத்தான் மாத்தாண்டாம் என்றாள். அதற்குப் பிறகு அப்பாவிடம் பேச வாய்க்கவில்லை. நான் அவள் பக்கத்தில் இருந்தேன். அதன் பிறகும் அவள் பேசினாள். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

கமிட்டியில் எல்லோரும் ஐயரைப் பார்த்தார்கள். ஐயர், “தம்பி எல்லாத்தையும் ஒண்ணு பாக்கட்டு. அடுத்த மாசம் முடிவு செய்யலாம்” என்றார்.

வெளியே வரும்போது மாமா என் தோளைத் தொட்டார். “நீங்க அவளுக்க கூட்டாளியில்லியா. ஒரு வழி பாத்து வச்சிருப்பா. தேடுங்க” என்றார்.

அவள் எதையும் எழுதி வைத்திருக்கவில்லை. தேடிவிட்டேன்.

மே மாதம் கல்லூரி விடுமுறை. மூன்றை இறக்கிக்கொண்டேன். ஜூம்லாவின் புதிய பதிப்பு, துருபல், வேர்ட்பிரஸ். மூன்றையும் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே நிறுவினேன். மூன்றுக்கும் ரசிகர்கள் இருந்தார்கள். இணையத்தில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். ஒருவர் வேகம் என்றார், ஒருவர் பாதுகாப்பு என்றார். எனக்கு அதில் ஒரு பக்கம் சாய மனம் வரவில்லை. புதிய ஜூம்லாவைத்தான் எடுக்க நினைத்தேன். பெயராவது அதுவாக இருக்கும்.

ஆனால் பெயர் மட்டும்தான் அதுவாக இருந்தது. பிரிஜா செய்த வடிவம் புதிய பதிப்பில் நிற்கவில்லை. இடது பக்கத்து மெனு கீழே போய் விழுந்தது. அவள் பக்க ஓரத்தில் வரைந்த தென்னை ஓலைக் கரை மறைந்தது. உள்ளே மாற்றிய தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாக வந்தது. கேள்விக்குறிகளை ஒரு வாரம் உட்கார்ந்து தமிழாக்கினேன். ஓலைக் கரையைக் கொண்டுவர முடியவில்லை. எதை எடுத்தாலும் எல்லாவற்றையும் புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

அதன் பிறகு ஒன்றைத்தான் யோசித்தேன். நாளைக்கு இதில் யார் உட்காரப் போகிறார்கள்? சத்தியபாய் அக்காதான். அவரை வீட்டுக்கு வரச் சொன்னேன். ஒரே அறிவிப்பை மூன்றிலும் போடச் சொல்லிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன்.

அக்கா ஒரு கல்யாண ஓலையைக் கொண்டுவந்தார். ஓலை என்றால் திருமண அறிவிப்பு. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் வாசிப்பார்கள். எங்கள் சபையின் லீலாபாய் அக்காவின் மகள் கிரேசிக்கும், மஸ்கட்டில் வேலை பார்க்கும் ஆன்ட்ரூஸுக்கும் கல்யாணம். முதல் ஓலை வாசித்தாகிவிட்டது.

முதலில் துருபல். திறந்ததும் வெறும் பக்கம். என்ன வகைப் பக்கம் வேண்டும், அதில் என்னென்ன கட்டங்கள் வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும். நான் விளக்கினேன். அக்கா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார்.

“தம்பி, பால்காச்சுக்கு வான்னு கூப்பிட்டுட்டு அஸ்திவாரம் தோண்டச் சொல்லுது மாதிரில்லா இருக்கு.”

“பெரிய சைட்டுக்கு நல்லதுக்கா இது.”

“பெரிய ஆளுவளுக்குக் கொடு. எனக்கு அறிஞ்சூடா.”

அடுத்தது புதிய ஜூம்லா. பிரிவைத் தேர்வு செய்து, அதற்குள் உட்பிரிவைத் தேர்வு செய்து, கட்டுரை எழுதி, சேமித்து, முகப்பில் வர ஒரு குறி, மெனுவில் வர இன்னொரு இடம்.

“சவம், ஒரு ஓலைக்கு எத்தன வாசலு!” என்றார். “பழசுல நான் அடிச்சுப் போட்டுட்டுப் போவேன். மத்தது எல்லாம் பிள்ள பாத்துக்கிடுவா.”

சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் மவுஸை நகர்த்தி அடுத்ததைத் திறந்தேன்.

வேர்ட்பிரஸ். தலைப்புக்கு ஒரு கட்டம். எழுத ஒரு பெட்டி. நீல நிறத்தில் ஒரு பட்டன். அக்கா அடித்து முடித்துப் பட்டனை அழுத்தினார். போய்ப் பாருங்கள் என்றேன். ஓலை பக்கத்தில் வந்திருந்தது. அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

“போயிட்டா?”

“போயிட்டு.”

“யாருட்டயும் கேக்காமலா?”

“ஆமா.”

“ஐயோ” என்றார். பிறகு, “இன்னொண்ணு போடட்டா?” என்றார்.

வேர்ட்பிரஸை மட்டும் சபை சைட்டின் ஓரத்தில் தனி முகவரியில் ஏற்றி வைத்தேன். சோதனைக்கு. ஒரு வாரம் அக்கா அதில் பழகட்டும் என்று நினைத்தேன். அக்கா பழகினார். இரண்டாம் ஓலையைப் போட்டார். மஸ்கட்டில் இருக்கும் தன் தம்பிக்கு முகவரியை அனுப்பினார். தம்பி அதைத் தன் கூட்டாளிகளுக்கு அனுப்பினான்.

புதன்கிழமை லீலாபாய் அக்கா வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றவில்லை.

“எம்பிள்ளைக்கக் கல்யாணத்த நிறுத்த ஒனக்கு என்ன அவசரம், தம்பி?”

எனக்குப் புரியவில்லை. உட்காருங்கள் என்றேன்.

“இருக்கதுக்கு வரல. மண்டபம் சொல்லியாச்சு. மாப்பிள டிக்கெட் எடுத்தாச்சு. இப்பம் பாத்து தடை உண்டுன்னு எழுதி வச்சிருக்கானுவ. ஒருத்தன் இல்ல, ஒரு ரூமே சேந்து எழுதியிருக்கு!”

கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தேன். தப்பு என்னுடையது. வேர்ட்பிரஸில் எதைப் போட்டாலும் அதன் கீழே படிக்கிறவர்கள் பதில் எழுத ஒரு பெட்டி தானாகவே வரும். வேண்டாம் என்றால் நாம்தான் மூட வேண்டும். நான் மூடவில்லை. ஓலையின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான். ‘இவ்விருவரும் பரிசுத்த விவாகத்தில் இணைக்கப்படுவதற்கு நியாயமான தடை எவருக்காவது தெரிந்திருந்தால் தெரிவிக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ அதற்கு நேர் கீழே காலிப் பெட்டி. எழுது என்று சொல்லி எழுத இடமும் கொடுத்திருந்தோம்.

‘தடை உண்டு’ என்று எழுதியிருந்தார்கள். ‘எங்க ரூமில் மீன்கறி வைப்பது ஆன்ட்ரூஸ் மட்டுமே. அவன் போனால் நாங்கள் பட்டினி. இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது. இப்படிக்கு, ரூமில் உள்ள அனைவரும்.’

“வெளையாட்டுக்கு எழுதினதாக்கும், அக்கா” என்றேன்.

“வெளையாட்டா? ஒனக்க மாமனாரு அத பேப்பர்ல எடுத்து ஐயருட்ட கொடுத்திருக்காவ. பேப்பர்ல வந்தா வெளையாட்டா?”

மாமா கொடுத்துவிட்டார் என்பது சரிதான். அலுவலகத்துக்குப் போனபோது அவர் ஐயர் முன்னால் உட்கார்ந்திருந்தார். மேஜையில் அந்தத் தாள்.

“எழுத்து மூலமா வந்திருக்கு” என்றார் மாமா. “மூணாம் ஓலைக்கு முன்ன வந்திருக்கு. விசாரிக்காம எப்பிடி விட?”

“மாமா, அது மீன்கறி.”

“காரணம் என்னவும் இருக்கட்டு. தடைன்னு எழுதியிருக்கா, இல்லியா?”

லீலாபாய் அக்கா கதவருகில் நின்று மூக்கைச் சிந்தினார். ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சத்தியபாய் அக்காவிடம் மஸ்கட் நம்பரை வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி போன் போட்டார். ஆன்ட்ரூஸின் ரூமில் இருக்கும் ஞானதாசன் என்பவன் எடுத்தான். ஐயர் என்றதும் அவன் குரல் மாறியது.

“ஐயரே, ஸ்தோத்திரம். அவன் கெட்டிக்கிட்டு வந்தா வேற வீடு பாத்துப் போயிருவான். அத நெனச்ச சங்கடத்துல எழுதினதாக்கும்.”

“அந்தப் பையன்ட்ட வேற ஏதும் குறை உண்டுமா?”

“ஒண்ணும் இல்ல ஐயரே. நல்ல பையன். உப்பு கொஞ்சம் கூடப் போடுவான்.”

“மீன்கறி விவாகத்துக்குத் தடை ஆகாது” என்றார் ஐயர்.

“அத வாபஸ் வாங்கிக்கிட்டேன்னு எழுதித் தரச் சொல்லுங்க” என்றார் மாமா.

எழுதினார்கள். அதே பெட்டியில்தான். ‘தடையை வாபஸ் வாங்குகிறோம். கல்யாணத்துக்கு வாழ்த்துகள்.’ மாமா அதையும் தாளில் எடுத்து, முதல் தாளோடு சேர்த்துக் குத்தி வைத்தார். லீலாபாய் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மாப்பிளைக்கு மீன்கறி வைக்கத் தெரியுமாமே” என்று சத்தியபாய் அக்காவிடம் கேட்டார். “கிரேசிக்குச் சாயா கூடப் போடத் தெரியாது. கர்த்தர் அறிஞ்சு கொடுத்திருக்காரு.”

சத்தியபாய் அக்கா சிரித்தார். ஐயரும் சிரித்தார். நான் பெட்டியை எப்படி மூடுவது என்று தேடிக்கொண்டிருந்தேன். அமைப்புகளில் ஒரு குறியை எடுத்தால் போதும். எடுத்துவிட்டேன்.

வெளியே மாமா எனக்காகக் காத்து நின்றார். மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டது.

“பாத்தியளா?” என்றார். “எம்மவளுக்க சைட்டுல இப்பிடி ஒண்ணு நடக்குமா? அங்க வாசல்ல ஆளு உண்டு. அவ பாக்காம ஒரு எழுத்து வெளிய போவாது. இனி கமிட்டியில நான் விட மாட்டேன். அவ சொன்னத மீறி இந்த வாசல் இல்லாத வீட்டுக்கு நாம போவாண்டாம்.”

“வீட்டுக்கு வாங்க மாமா” என்றேன்.

“எதுக்கு?”

“ஒண்ணு காட்டணும்.”

நவம்பருக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு அதிகம் வந்ததில்லை. வந்தாலும் முன்னறையோடு போய்விடுவார். கம்ப்யூட்டர் இருந்தது உள் அறையில். அவள் நாற்காலியில் அவரை உட்கார வைத்தேன். நான் நின்றுகொண்டேன். பழைய சைட்டைத் திறந்தேன். பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் பிரிஜா என்று தானாக வந்தது. உள்ளே போனேன்.

“இது அவளுக்கது” என்றார்.

“ஆமா. தினமும் காலையில நான் இதுல வாறேன். சத்தியபாய் அக்கா போட்டதை வெளிய விடுவேன்.”

“அவ பேர்லயா?”

“ஆமா. வேற பேருக்கு அந்த அதிகாரம் இல்ல. கொடுக்கலாம். நான் கொடுக்கல.”

கீழே இறக்கிக் காட்டினேன். மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் குனிந்து வாசித்தார். தலைப்பை வாசித்தார். திறக்கச் சொன்னார். திறந்தேன். ஐந்து வரி. முழுதும் வாசித்தார். தலைமையாசிரியராக இருந்தபோது விடைத்தாளை வாசித்ததும் இப்படித்தான் இருந்திருக்கும்.

“இது ஏன் இன்னும் வெளிய வரல?”

“அவ பாத்து விடணும் மாமா. அங்க அப்பிடித்தான்.”

மழை வந்துவிட்டது. ஜன்னலை அடைத்தேன். திரும்பி வந்தபோதும் மாமா அதே பக்கத்தில்தான் இருந்தார்.

“வயசு இருபத்தேழுன்னு போட்டிருக்கா சத்தியபாய்” என்றார். “இருபத்தெட்டு முடிஞ்சிருந்துல்லா. ஆகஸ்ட்லயே முடிஞ்சு.”

குனிந்து ஏழை எட்டாக்கினேன். சேமித்தேன். அறிவிப்பு மறுபடி வரிசையில் போய் நின்றது.

“புதுசுக்குப் போனா இது என்ன ஆவும்?”

“இதுல வெளிய வந்தது மட்டும்தான் அங்க போவும். காத்துக் கெடக்கது போவாது. அங்க திரும்ப அடிக்கணும். சத்தியபாய் அக்கா அடிச்சா உடனே வந்திரும்.”

“யாரும் பாக்காண்டாமா?”

“பாக்கலாம். போட்ட பெறவும் திருத்தலாம். நீங்க கூட.”

அவர் கையை மேஜையில் வைத்திருந்தார். மவுஸைத் தொடவில்லை. கரண்ட் போனது. திரை அணைந்து, பேட்டரிப் பெட்டி கீழே கத்த ஆரம்பித்தது. குனிந்து அதை நிறுத்தினேன்.

“அவ எங்கிட்ட கடைசியா சொன்னது அதுதான்” என்றார். “நான் கெட்டிச் சொல்லல.”

“தெரியும் மாமா. நான் பக்கத்துல இருந்தேன்.”

“அதுக்குப் பெறவும் பேசினாளா?”

“பேசினா.”

“எல்லாரும் எங்கிட்டல்லா கேட்டாவ. நான் அதச் சொன்னேன். ஒங்கிட்ட நானும் கேக்கல பாத்தியா.” முதல்முறையாக என்னை அப்படி ஒருமையில் பேசினார். “ஒங்கிட்ட என்ன சொன்னா, மக்களே?”

சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன். மழை விட்டதும் குடையை வாங்கிக்கொண்டு பேருந்துக்கு நடந்தார்.

ஜூன் கமிட்டியில் நான் வேர்ட்பிரஸ் என்றேன். காரணம் கேட்டார்கள். மற்ற இரண்டும் மோசம் இல்லை, சத்தியபாய் அக்கா தனியாக நடத்தக்கூடியது இதுதான் என்றேன். ஒரு மூப்பர், பிரிஜாவின் கடைசி விருப்பம் வேறு ஆயிற்றே என்று மாமாவைப் பார்த்தார்.

மாமா எழுந்தார். “நான் சொன்னது சரியில்ல” என்றார். “கடைசியா சொன்னது அது இல்லியாம். அதுக்குப் பெறவு மருமவன்ட்ட பேசியிருக்கா.”

“என்னவாக்கும் சொன்னா?”

“சைட்டப் பத்தி ஒண்ணும் சொல்லல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தீர்மானப் புத்தகத்தை இழுத்து வைத்துக்கொண்டு அவரே எழுதினார்.

ஜூன் கடைசியில் மாற்றினோம். சத்தியபாய் அக்கா முதலில் போட்டது கிரேசியின் கல்யாணப் படம். அடுத்தது பிரிஜாவின் அறிவிப்பு. நவம்பர் தேதியிலேயே போட்டார். அதனால் அது பழைய பக்கங்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டுக்கும் கீழே பெட்டி இல்லை. மாமா முதல் வாரமே எல்லா அறிவிப்பையும் திருத்த ஆரம்பித்தார். அக்கா மாமாவுடைய பாஸ்வேர்டை மாற்றிவிடச் சொல்லி எனக்குப் போன் செய்தார்.

மாமாவிடம் நான் சொன்னது இதுதான்.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடி. ஸ்கேன் அறைக்குச் சக்கர நாற்காலியில் கொண்டுபோனார்கள். கதவுக்கு வெளியே நிறுத்தி, உள்ளே செருப்பு கூடாது என்றார் நர்ஸ். பிரிஜாவால் குனிய முடியவில்லை. காலாலேயே உதறினாள். ஒன்று அங்கேயே விழுந்தது. மற்றது சுவரோரம் போய்க் கவிழ்ந்தது. நாற்காலியை உள்ளே தள்ளினார்கள். கதவு பாதி மூடும்போது தலையைத் திருப்பி என்னைப் பார்த்து ஒன்று சொன்னாள். வெளியே கொண்டுவந்தபோது அவளுக்கு நினைவு இல்லை.

“செருப்ப எடுத்து வச்சுக்கிடுங்க. புதுசாக்கும்.”